காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறது, நுரையீரல் மருத்துவர் எங்கே?

எர்ணாவூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் அடையாளமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 64 வயது. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் இடத்தில் பல வருடம் கூலி வேலை பார்த்தவர். அது நின்றபிறகு ஒரு கன்டெய்னர் யார்டில் இரவுக் காவலுக்குப் போனார், இப்போது அதுவும் இல்லை. பீடியை விட்டு 4 வருடம் ஆகிறது. ஆனால் 2 வருடமாக இருமல் விட்டபாடில்லை. முதலில் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. இப்போது குளித்துவிட்டு வந்து வேட்டி மாற்றுவதற்குள் உட்கார்ந்துவிடுகிறார். உடம்பும் இளைத்துக்கொண்டே போகிறது. தெருமுனை டாக்டர் நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, சின்ன வெள்ளை மாத்திரை கொடுக்கிறார். பத்து நாள் நன்றாக இருக்கும், பிறகு பழைய கதைதான்.

பெரம்பூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்கப்படும் என்ற போர்டைப் பார்த்துப் போயிருக்கிறார்கள். அங்கே கன்சல்டேஷன், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் ரொக்கம்தான் வாங்கினார்கள். அடுத்து சி.டி. ஸ்கேன், தேவைப்பட்டால் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். அட்டையை நீட்டியதும் "இதுக்கெல்லாம் கார்டு செல்லாதும்மா" என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வரும்போது ஊழியர் ஒருவர், "ரெண்டு நாள் அட்மிஷன் போட்டுட்டா கார்டுலயே முடிச்சிடலாம்" என்று காதோடு சொல்லியிருக்கிறார்.

வாசகியின் கேள்விகள் இவை: வடசென்னையில் அட்டையை ஏற்றுக்கொள்ளும் நுரையீரல் மருத்துவர் யார்? அட்டையை மறுத்தது சட்டப்படி குற்றமா, புகார் கொடுக்கலாமா? அந்த ஊழியர் சொன்னபடி அட்மிஷன் போட்டுவிடலாமா, இல்லை வளையலை அடகு வைக்க வேண்டியதுதானா? பெரிய ஆஸ்பத்திரி என்று பேச்செடுத்தாலே "என்னை டிபி ஆஸ்பத்திரியில தள்ளப் பாக்குறீங்களா?" என்று கோபப்படும் அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. "எனக்குச் சம்பளம் 16,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தது போகக் கைக்கு 14 ஆயிரத்துச் சொச்சம் வரும்." குடும்பக் கஷ்டத்தைச் சொல்லத்தான் இதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அந்த வரியில்தான் உங்கள் அப்பாவுக்கான ஒரு பெரிய கதவு தெரிகிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வளையலைக் கழற்றாதீர்கள். அதற்கு அவசியம் இல்லை.

அட்டை எதற்குச் செல்லும்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆண்டுக் குடும்ப வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு, ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. இதைக் கேட்டதும், எந்த மருத்துவமனைக்குப் போய் எந்த டாக்டரைப் பார்த்தாலும் அந்த 5 லட்சத்திலிருந்து கழியும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறீர்கள். அப்படி நினைத்ததில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை, அந்த போர்டில் இந்த விவரமெல்லாம் எழுதியிருக்காது.

திட்டம் டாக்டரோடு ஒப்பந்தம் போடுவதில்லை. மருத்துவமனையோடு போடுகிறது. அதிலும் மருத்துவமனை முழுவதற்கும் அல்ல, பிரிவு பிரிவாக. இதயத்துக்கும் எலும்புக்கும் அனுமதி பெற்ற மருத்துவமனைக்கு நுரையீரலுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். வாசலில் தொங்கும் போர்டு ஒன்றுதான். அப்படி அனுமதி இருந்தாலும், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான் பணம் வரும். அவற்றில் பெரும்பாலானவை உள்நோயாளியாகச் சேர்ந்து எடுத்துக்கொள்பவை. டாக்டரை வெளிநோயாளியாகப் பார்க்கும் கட்டணம், மாதாமாதம் வாங்கும் இன்ஹேலர், மாத்திரை இவையெல்லாம் அதில் அடங்காது.

ஆகவே உங்களிடம் கன்சல்டேஷனுக்குப் பணம் வாங்கியது விதிமீறல் இல்லை. அதற்காகப் புகார் கொடுத்தால் நிற்காது. எது விதிமீறல் என்றால், திட்டத்தின் கீழ் சேர்த்துக்கொண்டு, முன் அனுமதியும் வாங்கிவிட்டு, அதே சிகிச்சைக்கு மேலே பணம் கேட்பது. அப்படிக் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். கட்டிய பணத்துக்கெல்லாம் ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது தர மறுத்தால் அதையும் புகாரில் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் பெற்றோரின் அட்டை பழைய திருவள்ளூர் மாவட்ட முகவரியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். திருவொற்றியூர் வட்டம் 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்ததிலிருந்து இந்தக் குழப்பம் பல வீடுகளில் இருக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலையில் உள்ள கலெக்டர் அலுவலகத்துக் காப்பீட்டுத் திட்ட மையத்தில் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு வருமானச் சான்றுக்கு ஓடுகிற குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்குவதில்லை.

அந்த "ரெண்டு நாள் அட்மிஷன்"

வேண்டாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே யோசனையை உங்களிடம் இன்னும் பத்துப் பேர் சொல்வார்கள்.

சேர்க்கத் தேவையில்லாத நோயாளியைச் சேர்த்துப் பணம் எடுக்க வேண்டுமானால், அவருக்கு இல்லாத தீவிரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். நாளைக்கு அவரைப் பார்க்கும் இன்னொரு டாக்டர் அந்தத் தாளை நம்பித்தான் மருந்து முடிவு செய்வார். கையெழுத்துப் போட்டது நீங்கள் என்பதால் விசாரணை வந்தால் உங்களையும் கேட்பார்கள். நுரையீரல் பலவீனமானவரை வார்டில் வீணாகப் படுக்கவைத்தால் அங்கே இருக்கிற கிருமி தொற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அந்த 5 லட்சமும் ஓர் ஆண்டுக்கு மொத்தமாகக் கொடுத்தது. நிஜமாகவே மூச்சுத் திணறி வென்டிலேட்டர் தேவைப்படும் நாளுக்கு அது மிச்சம் இருக்க வேண்டும்.

அப்படியானால் எங்கே போவது?

மூச்சு நோயில் முக்கால்வாசி வேலை வெளிநோயாளிப் பிரிவில்தான் நடக்கிறது. சரியாகக் கண்டுபிடிப்பது, சரியான இன்ஹேலரைத் தேர்ந்தெடுப்பது, அதை இழுக்கச் சொல்லித்தருவது, சில மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பது. காப்பீடு தொடாத இந்த இடத்தில் உங்களுக்கு இலவசமாகத் திறந்திருப்பது அரசு மருத்துவமனை. அட்டையை ஏற்கும் நிபுணரைத் தேடி நர்சிங் ஹோம் நர்சிங் ஹோமாக அலையும் பலர், அட்டையே கேட்காத நிபுணர்கள் பக்கத்தில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

உங்களுக்கு மிக அருகில் இருப்பது ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அங்கே நெஞ்சக நோய்ப் பிரிவு தனியாக இருக்கிறது, மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். படியேற முடியாதவர் என்பதால் ஸ்டேஷனில் லிஃப்ட் பக்கம் கூட்டிப்போங்கள். சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இந்தப் பிரிவு உண்டு. ஓட்டேரியில் நெஞ்சக நோய்க்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. மூன்றுக்கும் ஓடாதீர்கள். ஒரே இடத்தில் ஒரே நோட்டில் தொடர்ந்து பார்ப்பதுதான் அப்பாவுக்கு நல்லது. உங்கள் நிலைமைக்கு ஸ்டான்லி என்பது என் அபிப்பிராயம்.

கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், அதை மறைக்கவில்லை. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். பெரம்பூரில் எடுத்த எக்ஸ்ரே, ரத்த ரிப்போர்ட் இரண்டையும் கொண்டுபோங்கள், அந்தப் பணமாவது வீணாகாது. தெருமுனை டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டைகளையும் காலியானாலும் எடுத்துப்போங்கள். அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். பத்து நாள் நோயே பறந்து போன மாதிரி இருந்து பிறகு பழையபடி ஆவது அதற்கே உரிய லட்சணம். அடிக்கடி எடுத்தால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டாக்டரிடம் காட்டிவிட்டு அவர் சொல்கிறபடி குறைக்க வேண்டும்.

இன்னொன்று. அப்பா நிலக்கரியில் வேலை பார்த்ததை, யாரும் கேட்காவிட்டாலும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-இல்தான் நின்றது. அதுவரை அந்தத் தூசியை மூச்சில் வாங்கியவர்களுக்கு, வேலையை விட்டுப் பல வருடம் கழித்தும் நுரையீரலில் பாதிப்பு தெரியலாம். பீடி என்று எழுதிவிட்டு டாக்டர் அதோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் நோட்டில் இருக்கும். அவர் அங்கே வேலை பார்த்ததற்கு அடையாள அட்டை, கூலிச் சீட்டு, பாஸ் என்று ஏதாவது பழைய பெட்டியில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். தொழில் சார்ந்த நோய் என்று உறுதியானால் இழப்பீடு கேட்க அதுதான் முதல் ஆதாரம்.

ஊதிப் பார்க்கும் பரிசோதனை

இரண்டு வருடமாக வைத்தியம் நடக்கிறது, ஒருமுறைகூட அப்பாவை ஊதச் சொல்லிப் பார்க்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. இதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வீசிங் என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைக்கிறோம். ஆஸ்துமா, பீடியாலும் புகையாலும் வரும் நாட்பட்ட மூச்சடைப்பு நோயான சி.ஓ.பி.டி., நிலக்கரித் தூசியால் வருவது, இதயம் பலவீனமாகி வருவது என எல்லாவற்றுக்கும் மூச்சு வாங்கும், ஆனால் மருந்து வேறு வேறு. பிரித்துக் காட்டுவதில் முதல் படி ஸ்பைரோமெட்ரி.

அப்பாவுக்கு முன்கூட்டியே விளக்கிச் சொன்னால் பயப்படமாட்டார். மூக்கில் கிளிப் போடுவார்கள். வாயில் ஒரு குழாய், உதட்டை இறுக்கி மூடிக்கொள்ள வேண்டும். மூச்சை முழுக்க உள்ளே இழுத்து, ஒரே வேகத்தில் வெளியே தள்ள வேண்டும். "தள்ளுங்க, தள்ளுங்க, இன்னும் இன்னும்" என்று டெக்னீஷியன் சத்தம் போடுவார். காற்றே இல்லை என்று தோன்றினாலும் சுமார் 6 விநாடி ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தது மூன்று முறை. பிறகு மருந்தை இழுக்கவைத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். மருந்துக்குப் பின்னும், முதல் விநாடியில் வெளிவரும் காற்று மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். போவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிடவேண்டாம். பயன்படுத்தும் மூச்சு மருந்தை எத்தனை மணி நேரத்துக்கு முன் நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். திணறல் வந்தால் மட்டும் பரிசோதனையைப் பார்க்காமல் மருந்தைக் கொடுத்துவிடுங்கள்.

சி.டி. தேவையா என்பதை இந்த முடிவையும் எக்ஸ்ரேயையும் வைத்து அங்கே முடிவு செய்வார்கள். உடம்பு இளைப்பதாக எழுதியிருப்பதால் தேவைப்படலாம் என்றே நினைக்கிறேன். அரசு மருத்துவமனையில் அதற்குத் தனியார் கேட்பதில் சிறு பகுதிதான் ஆகும். காப்பீட்டில் எடுக்க வழி உண்டா என்று அங்குள்ள காப்பீட்டுத் திட்ட அறையில் கேளுங்கள். சளியில் ரத்தம் வந்தால் மட்டும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்ஹேலர் எழுதினால், "பழக்கமாயிடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மாத்திரையைவிட எத்தனையோ மடங்கு குறைந்த மருந்து, நேராக நுரையீரலுக்குப் போகிறது. கேப்சூல் போட்டு இழுக்கும் வகையைக் கொடுத்தால், அதைத் தண்ணீர் விட்டு விழுங்கிவிடும் பெரியவர்கள் உண்டு. முதல் வாரம் பக்கத்தில் நின்று பாருங்கள். இழுத்தபின் பத்து விநாடி மூச்சை அடக்கட்டும். ஸ்டீராய்டு கலந்தது என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்பட்டும்.

உங்கள் இ.எஸ்.ஐ.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், அதாவது மாதம் 120 ரூபாய் அளவில் பிடிக்கிறார்கள். முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் தொழிலாளிக்கு இது பொருந்தும். பலர் இதைத் தங்களுக்கு மட்டும் என்றும், கூடிப்போனால் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் என்றும் நினைக்கிறார்கள். உங்களைச் சார்ந்து வாழும் பெற்றோரும் இதில் குடும்பத்தினர்தான். கல்யாணமாகித் தனி ரேஷன் கார்டில் இருக்கிறீர்கள் என்பதால் மகளின் உரிமை போய்விடாது. எல்லா வழியிலும் சேர்த்துப் பெற்றோரின் மாத வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்பது நிபந்தனை. காவல் வேலையும் இல்லாத உங்கள் அப்பா அதற்குள்தான் வருவார்.

காப்பீட்டு அட்டையில் இல்லாதது இங்கே இருக்கிறது. வெளிநோயாளி சிகிச்சை, மருந்து, பரிசோதனை எல்லாம் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் தொடங்கி, அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் பரிந்துரை வாங்கிப் போகலாம். அங்கேயும் இல்லாத உயர் சிகிச்சைக்கு ஒப்பந்தத்தில் உள்ள மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அதற்கு எவ்வளவு காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. நீங்கள் 4 வருடமாக வேலையில் இருப்பது நல்லதாகப் போயிற்று. கம்பெனி ஹெச்.ஆரிடம், குடும்ப விவரத்தில் அப்பா அம்மா பெயரை ஆதாரோடு சேர்க்கச் சொல்லுங்கள். "பெத்தவங்களுக்கெல்லாம் கிடையாது" என்று அலட்சியமாகச் சொன்னால் விட்டுவிடாதீர்கள், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். அது நடக்கிறவரை ஸ்டான்லியில் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

தனியாரில் சேர்க்க நேர்ந்தால்

சேர்ப்பதற்கு முன் மூன்றே கேள்வி. இந்த மருத்துவமனைக்குத் திட்டத்தில் நுரையீரல் பிரிவுக்கு அனுமதி உண்டா? இந்தச் சிகிச்சைக்கு முன் அனுமதி போடுகிறீர்களா? நாங்கள் கையிலிருந்து என்ன கட்ட வேண்டும்? பதிலைக் காப்பீட்டு மேசையில் இருப்பவரிடம் கேளுங்கள், ரிசப்ஷனில் வேண்டாம். அதே கேள்வியை 1800 எண்ணிலும் கேட்டுச் சரிபார்க்கலாம்.

நடுராத்திரியில் திணறினால் இந்தக் கேள்வியெல்லாம் தேவையில்லை. ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, பேச்சு குழறித் தூங்கித் தூங்கி விழுகிறார் என்றால் 108-ஐ அழையுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரை வாடகைக்கு எடுத்து வீட்டிலேயே முழு வேகத்தில் திறந்துவிடும் வேலை மட்டும் கூடாது. சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு அளவுக்கு மீறிய ஆக்சிஜன் ரத்தத்தில் கரியமில வாயுவை ஏற்றி மயக்கத்தில் தள்ளும்.

அப்பாவின் பயம்

அவர் கோபத்துக்குப் பின்னால் இருப்பது அவமானம் பற்றிய பயம். அவர் தலைமுறையில் டிபி என்றால் வீட்டைவிட்டு அனுப்பி, சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைத்த கதைகள் உண்டு. அந்த வழக்கத்தை மாற்றியதே நம் ஊர்தான். சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடி மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருப்பது போலவே குணமாகும், வீட்டில் இருப்பவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று உலகத்துக்கே காட்டியது. இதை அவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் எடைக் குறைவும் இருந்தால் சளிப் பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டியது. அவருக்கு டிபி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் அவருக்கே பாரம் குறையும். இருந்தால், மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண வகைக்கு 6 மாத மாத்திரை, முழுவதும் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். வீட்டில் உள்ள பேரப் பிள்ளைகளையும் பரிசோதித்துவிடுவார்கள்.

சளி டப்பாவை முதல் நாளே மருத்துவமனையில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும், வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும், எச்சில் உதவாது. மொட்டை மாடியிலோ வாசலிலோ காற்றோட்டமான இடத்தில் தனியாக நின்று எடுக்கட்டும். மூடியை இறுக்கி, பெயர் எழுதி, அன்றைக்குக் காலையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.